அத்திரம்பாக்கத்துக் கல்லின் வயது: கதிரியக்கச் சிதைவும் அரை ஆயுட்காலமும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள வல்லக்கோட்டை, அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். இன்று அதைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி விரிந்து கிடக்கிறது. கார், கனரக வாகனம், டயர், கைப்பேசி எனப் பலவும் இங்கே உற்பத்தியாகின்றன. இதே ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்ற சிற்றூரில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் கற்கருவிகள் கிடைத்தன. அவை சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானவை என்று செய்திகள் வெளியாயின. அங்கிருந்து வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கொசத்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்குச் சொல்லப்படும் வயது 15 லட்சம் ஆண்டுகள்.

இத்தகைய எண்களைப் படிக்கும் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கல்லில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. அப்படியிருக்க இந்த எண் எங்கிருந்து வந்தது? கற்கருவிகள் கிடைத்தவுடன் சொல்லப்படும் வயது பெரும்பாலும் அவற்றின் வடிவத்தையும், அவை கிடந்த மண்ணடுக்கையும், பிற இடங்களில் கிடைத்தவற்றோடு உள்ள ஒற்றுமையையும் வைத்துச் சொல்லப்படுவது. அது பயனுள்ள முறைதான். ஆனால் அணுக்களை எண்ணிச் சொல்லும் வயது வேறு வகையானது. அத்திரம்பாக்கத்துக் கற்களுக்கு அந்த இரண்டாம் வகை வயது கிடைக்க 148 ஆண்டுகள் ஆயின.

பல்லாவரத்துக் குழி

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு குழியின் அருகே கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். வல்லக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடம் அது. இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு இந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஃபூட்டும் அவருடன் பணிபுரிந்த வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டனர்.

ஃபூட் நிலவியலாளர். சென்னையைச் சுற்றியுள்ள பாறைகளையும் வரைபடமாக்கியவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் தாவரப் படிமங்கள் நிறைந்த பழைய களிப்பாறை அடுக்குகள் உள்ளன. அவற்றுக்கு அந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தைச் சேர்ந்த இந்த அடுக்குகள் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

எது மேலே, எது கீழே என்று பார்த்து, எது பிந்தியது, எது முந்தியது என்று ஃபூட்டால் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டுகள் என்று சொல்ல வழியில்லை. அதற்கான கடிகாரம் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. கதிரியக்கம் கண்டறியப்பட்டது 1896இல்தான்.

புளியங்கொட்டைக் கணக்கு

யுரேனிய உப்புகளிலிருந்து கதிர்கள் வெளிவருவதை 1896இல் ஹென்றி பெக்கரல் பாரிசில் கண்டார். 1900ஆம் ஆண்டு, கனடாவின் மான்ட்ரியலில் இருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வெளிவந்த ஒரு வாயுவை ஆராய்ந்தார். அதன் வீரியம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகக் குறைந்தது. அடுத்த நிமிடத்தில் எஞ்சியதில் பாதி குறைந்தது. அதற்கடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. 1902இல் ரூதர்ஃபோர்டும் ஃபிரெடெரிக் சாடியும் இதற்கு விளக்கம் தந்தனர்: ஒரு தனிமத்தின் அணு தானாகவே சிதைந்து வேறொரு தனிமத்தின் அணுவாக மாறுகிறது. அணு மாறாதது என்று நம்பியிருந்த வேதியியலாளர்களுக்கு இது பேரதிர்ச்சி.

இதைப் புரிந்துகொள்ளப் புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்காகப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவார்கள். அப்படித் தேய்த்த 1,000 கொட்டைகளை உருட்டிவிட்டு, வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ 500 எஞ்சும். மறுபடி உருட்டினால் 250, பிறகு 125. (உண்மைப் புளியங்கொட்டை சரிசமமாக விழாது என்பது தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும். கணக்குக்காக அதை மறந்துவிடலாம்.) எந்தக் கொட்டை எந்த உருட்டலில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை போகும் என்று சொல்லிவிடலாம். முந்தைய உருட்டல்களில் தப்பிய கொட்டை அடுத்ததில் போய்விடும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்கு வாய்ப்பு எப்போதும் பாதிக்குப் பாதிதான்.

அணுக்கருவும் அப்படித்தான். அது மூப்படைவதில்லை. நேற்று உண்டான கார்பன்-14 அணுவும் பத்தாயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் கார்பன்-14 அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. ஒரு பொருளிலுள்ள கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் அதன் அரை ஆயுட்காலம். இரண்டு அரை ஆயுட்காலம் கழிந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தேர்வுத்தாளில் எழுதுவோர் உண்டு. தீராது, கால் பங்கு எஞ்சும். பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால் 1,024இல் ஒரு பங்கு எஞ்சும். சூடாக்கினாலும் அழுத்தினாலும் அமிலத்தில் கரைத்தாலும் இந்த வேகம் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. காலத்தை அளக்க இதை நம்புவதற்குக் காரணமே அதுதான்.

தொழிற்சாலைகளிலும் இதே கணக்கு நாள்தோறும் புழங்குகிறது. வார்ப்புகளிலும் வெல்டிங் இணைப்புகளிலும் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று படமெடுக்க இரிடியம்-192 பயன்படுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 74 நாள். இரண்டரை மாதம் கழிந்தால், அதே படத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரம் கதிரைக் காட்டவேண்டும். அங்கே நாள் தெரியும், எஞ்சியிருப்பதைக் கணக்கிடுகிறார்கள். தொல்லியலில் எஞ்சியிருப்பதை அளந்து நாளைக் கணக்கிடுகிறார்கள்.

பலாங்கொடைக் கருங்கனிமம்

கதிரியக்கத்தைக் கொண்டு வயது காணும் முயற்சியின் முதல் அத்தியாயத்தில் இலங்கைக் கனிமம் ஒன்றுக்கும் தமிழ்ப் பின்னணி கொண்ட ஒருவருக்கும் இடம் உண்டு. தமிழ் நூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

ஆனந்த குமாரசாமியைக் கலை வரலாற்றாளராகத்தான் நாம் அறிவோம். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகனான அவர் முதலில் நிலவியலாளர். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர். சபரகமுவாவின் பலாங்கொடைப் பகுதியில், மணிக்கற்கள் கிடைக்கும் சரளையில், கனமான கருநிறக் கனசதுரப் படிகங்கள் கிடைத்தன. 1904இல் குமாரசாமி அவற்றை யுரேனியக் கனிமமான யுரானினைட் என்று விவரித்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் ஆராய்ந்தபோது அவற்றில் தோரியமே பெரும்பங்கு இருப்பது தெரிந்தது. புதிய கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர் வந்தது. மறு ஆண்டே, வில்லியம் ராம்சேயின் லண்டன் ஆய்வகத்தில் இளைஞராக இருந்த ஓட்டோ ஹான், இந்த இலங்கைத் தோரியனைட்டிலிருந்து கதிரியக்கத் தோரியம் என்ற புதிய பொருளைப் பிரித்தார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான்.

1907இல் அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட் ஒரு துணிச்சலான கணக்கைப் போட்டார். யுரேனியம் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது என்றால், ஒரு கனிமத்தில் யுரேனியத்துக்கு எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அதன் வயது கிடைக்குமல்லவா? பல நாட்டுக் கனிமங்களுக்கு இப்படி வயது கண்டார். குறைந்தது 41 கோடி ஆண்டுகள், மிக அதிகம் 220 கோடி ஆண்டுகள். அந்த 220 கோடிக்கு உரியது இலங்கைத் தோரியனைட்.

பூமிக்குச் சில கோடி ஆண்டுகளே வயது என்று பெரிய இயற்பியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரும் பாய்ச்சல். ஆனால் அந்த இலங்கை எண் தவறு. தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பதைப் போல்ட்வுட் கணக்கில் சேர்க்கவில்லை. தோரியம் நிறைந்த கல்லில் இருந்த ஈயம் முழுவதையும் யுரேனியத்தின் பேரில் எழுதிவிட்டார். இன்றைய அளவீடுகளில் அந்தக் கனிமத்தின் வயது ஐம்பது கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டுகிறது. நான்கு மடங்குப் பிழை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. முள்ளை நகர்த்தியது எது என்பதில்தான் தவறு நேர்ந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்லியாக வேண்டியிருந்தது.

கார்பன் எட்டாத தூரம்

தமிழ்நாட்டில் காலக்கணிப்பு என்றாலே கார்பன் என்ற நினைப்பு இருக்கிறது. கீழடியின் கி.மு. 580, சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுமியின் கி.மு. 1155, மயிலாடும்பாறையின் கி.மு. 2172 எல்லாம் கார்பன்-14 தந்த எண்கள். 1949இல் வில்லார்ட் லிபி நிறுவிய முறை இது. உயிருள்ள செடியும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14ஐத் தொடர்ந்து பெறுகின்றன. இறந்ததும் வரவு நிற்கிறது. இருப்பு 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது.

வடக்குப்பட்டின் 12,000 ஆண்டு இந்த முறைக்கு எட்டும். அந்த அடுக்கிலிருந்து கலப்பில்லாத ஒரு கரித்துண்டு கிடைத்தால், அதில் தொடக்க அளவில் ஏறத்தாழ 23 விழுக்காடு கார்பன்-14 எஞ்சியிருக்க வேண்டும். எளிதாக அளக்கக்கூடிய அளவு. ஆனால் கரிக்குத்தான் வயது கிடைக்கும். கருவிக்கும் கரிக்கும் உள்ள உறவை அகழ்ந்தவர் நிறுவவேண்டும்.

அத்திரம்பாக்கத்தில் இது உதவாது. அங்கே இருப்பவை குவார்ட்சைட் கற்கள்; அவை ஒருபோதும் உயிரோடு இருந்ததில்லை. உயிர்ப்பொருள் கிடைத்தாலும் பயனில்லை. 15 லட்சம் ஆண்டுகளில் கார்பன்-14 இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட தடவை பாதியாகியிருக்கும். ஒரு கிராம் கரியில் தொடங்கினாலும் ஒற்றை அணுகூட எஞ்சியிருக்காது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இந்தக் கடிகாரம் மௌனமாகிவிடுகிறது. பல லட்சம் ஆண்டு பழைய கற்கருவிக்குக் கார்பன் சோதனை செய்ததாக யாராவது எழுதினால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

களிமண்ணுக்குள் இருந்த கடிகாரம்

நீண்ட அரை ஆயுட்காலம் கொண்ட வேறு கடிகாரம் தேவைப்பட்டது. அதன் வேர்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1950களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பெர்னார்ட் பீட்டர்ஸ், தேவேந்திர லால் முதலியோர் விண்கதிர்களை ஆராய்ந்தனர். விண்கதிர்கள் காற்றிலுள்ள அணுக்களை உடைப்பதால் உண்டாகும் பெரிலியத்தை மழைநீரிலும் கடலடிப் படிவிலும் தேடிக் கண்டனர். பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த லால், 1985இல் ஜேம்ஸ் ஆர்னால்டுடன் சேர்ந்து, குவார்ட்சுக்குள்ளேயே உண்டாகும் இத்தகைய அணுக்களைக் கொண்டு அதன் வரலாற்றைத் தொடரலாம் என்று எழுதினார். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வந்த சிறு கட்டுரை அது.

முறை இதுதான். குவார்ட்சில் சிலிக்கனும் ஆக்சிஜனும் உள்ளன. கல் திறந்தவெளியில் கிடக்கும்போது விண்கதிர்கள் சிலிக்கனை உடைத்து அலுமினியம்-26ஐயும், ஆக்சிஜனை உடைத்துப் பெரிலியம்-10ஐயும் உண்டாக்குகின்றன. பெரிலியம் ஒன்றுக்கு அலுமினியம் ஏறத்தாழ 6.8 என்ற விகிதத்தில் இவை உண்டாகின்றன. கல் பல மீட்டர் மண்ணுக்கடியில் புதைந்தால் விண்கதிர் அங்கே பெரும்பாலும் எட்டாது. புதிய வரவு ஏறக்குறைய நின்றுவிடும். அதன்பின் அலுமினியம்-26 சுமார் 7.1 லட்சம் ஆண்டுக்கொரு முறையும், பெரிலியம்-10 சுமார் 13.9 லட்சம் ஆண்டுக்கொரு முறையும் பாதியாகின்றன. அலுமினியம் வேகமாகக் கரைவதால் விகிதம் சரிகிறது. ஏறத்தாழ 14.5 லட்சம் ஆண்டுகளில் 6.8 என்பது 3.4 ஆகிவிடும். தொடக்கத்தில் ஒவ்வோர் அணுவும் எத்தனை இருந்தது என்று தனித்தனியே தெரியவேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி.

இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது கல் செதுக்கப்பட்ட நாளில் அல்ல, புதைந்த நாளில். எனவே கருவிகள் எந்த அடுக்கில் எப்படிப் புதைந்தன என்பது உயிர்நாடியான கேள்வி. அங்கேதான் ஸ்ரீபெரும்புதூர் மீண்டும் வருகிறது. அத்திரம்பாக்கத்தின் கீழ்மட்டத்திலிருந்த தடித்த களிமண், டைனோசர் காலத்து ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறையின் ஒரு பகுதி என்று முன்னர் கருதப்பட்டிருந்தது. அதற்குள் மனிதக் கருவி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். 1999 முதல் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் நடத்திய அகழாய்வில், அது ஆறு கொண்டுவந்து படியவைத்த மிகப் பிந்திய களிமண் என்று தெரிந்தது. அதற்குள்ளும் அதற்குக் கீழும் கைக்கோடரிகள் இருந்தன. இந்தக் கீழடுக்குகளில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட கற்பொருள்கள் கிடைத்தன.

தேர்ந்தெடுத்த சில கருவிகளிலிருந்து குவார்ட்சைப் பிரித்து, அமிலத்தில் கரைத்து, முடுக்கி நிறைமானியில் அணுக்களை எண்ணினார்கள். பிரான்சின் ரெஜி பிரோஷே முதலியோர் இதில் பங்கேற்றனர். வயதை அறிய, ஆதிமனிதர் செதுக்கிய கல்லைப் பொடியாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எதைப் பொடியாக்கலாம் என்று தேர்வதே கவலைதரும் வேலை. 2011 மார்ச்சில் சயின்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது: 15.1 லட்சம் ஆண்டுகள், முன்பின் 70,000 ஆண்டுகள்.

போல்ட்வுட்டுக்கு இல்லாத ஒரு சாட்சியும் இவர்களிடம் இருந்தது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாவது உண்டு. கடைசியாக அது மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். படிவுகளிலுள்ள காந்தத் துகள்கள் அந்தந்தக் காலத்துத் திசையைக் காட்டுகின்றன. அத்திரம்பாக்கத்துக் கீழடுக்குகள் தலைகீழ்த் திசையைக் காட்டின. அவை குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று அதிலிருந்து முடிவு செய்தனர். அணுச் சிதைவோடு தொடர்பே இல்லாத இந்தச் சாட்சி முந்தைய எண்ணோடு முரண்படவில்லை. 15.1 லட்சம் என்ற எண்ணை நம்புவதற்கு இதுவே எனக்கு வலுவான காரணமாகத் தெரிகிறது.

அரை ஆயுட்காலமும் மனிதர் அளந்த எண்தான் என்பதையும் சொல்லவேண்டும். பெரிலியம்-10க்கு நெடுங்காலம் 15 லட்சம் ஆண்டை ஒட்டிய மதிப்பே புழங்கியது. 2010இல் ஜெர்மனியைச் சார்ந்த இரு குழுக்களின் அளவீடுகளுக்குப் பிறகே அது சுமார் 13.9 லட்சமாக நிலைபெற்றது. அணுவின் வேகம் மாறவில்லை, நம் அளவீடு திருந்தியது. இப்படி ஒரு மதிப்பு திருந்தும்போதெல்லாம் அதைச் சார்ந்த வயதுகளையும் மறுபடி கணக்கிடவேண்டும்.

மேலடுக்குகள்

மேலடுக்குகளில் கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய செதில்கள் வருகின்றன. இவற்றுக்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு என்ற வேறு முறை பயன்பட்டது. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் அரை ஆயுட்காலங்கள் நூறு கோடி ஆண்டுக்கும் அதிகம். எனவே சில லட்சம் ஆண்டுகளில் அவற்றின் கதிர்வீச்சு குறைந்ததாகவே தெரியாது. சீராகச் சொட்டும் குழாய்போல அது மணற்துகள்களில் ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே போகிறது; வெயில் பட்டால் சேர்ந்தது வெளியேறிவிடும். கடைசியாக வெயில் பட்ட பின் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தால் புதைந்த காலம் தெரியும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்வி உள்ளிட்டோர் பங்கேற்ற இந்த ஆய்வு 2018இல் நேச்சர் இதழில் வந்தது. இந்தப் புதிய செதில் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டது என்றது அந்தக் கட்டுரை.

இந்த எண்களை எடுத்து, பதினைந்து லட்சம் ஆண்டுத் தமிழர் வரலாறு என்று மேடையில் பேசுவோர் இருக்கிறார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எலும்புகளே சுமார் மூன்று லட்சம் ஆண்டுப் பழமையானவைதாம். 15 லட்சம் ஆண்டுக்கு முன் கொசத்தலைக் கரையில் கல் செதுக்கியவர்கள் வேறொரு மனித இனம். அவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. எந்த மொழி பேசினார்கள், பேசினார்களா என்பதை எந்த அரை ஆயுட்காலமும் சொல்லாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கைக்கோடரி செய்தோர் இத்தனை பழங்காலத்தில் இங்கே இருந்தார்கள் என்பதே போதிய வியப்பு.

கலைந்த மண்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் செம்மண்ணும் சரளையும் சவுடு மண்ணும் இன்று லாரிகளில் ஏறி மனைகளை மேடாக்கப் போகின்றன. அந்த மண்ணோடு கற்கருவியும் போகலாம். வேறிடத்தில் கொட்டப்பட்ட பிறகும் அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் இருக்கும், எண்ணவும் முடியும். ஆனால் எந்த ஆழத்தில் கிடந்தது, மேலே எத்தனை மீட்டர் மண் இருந்தது, எந்தக் கரித்துண்டுக்கு அருகில் இருந்தது என்பது போய்விடும். ஒளிர்வு முறைக்குத் தேவையான மணற்துகளிலும் வெயில் பட்டுவிடும். அந்தக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

1863இல் ஃபூட் பல்லாவரத்தில் எடுத்த கைக்கோடரியும் குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட சரளையில் கிடந்ததுதான். இந்தியத் தொல்லியலின் மிகப் புகழ்பெற்ற அந்தக் கல்லுக்கு அணுக்களை எண்ணிப் பெற்ற வயது கிடையாது. அத்திரம்பாக்கத்தில் அடுக்கோடு கிடைத்த கருவிகளோடு வடிவத்தை ஒப்பிட்டே அதன் காலத்தைச் சொல்கிறோம்.